மவுஸ எடுத்து டிராயர்ல போட்டேன்

போன வருஷம் ஆடி மாசம் எனக்கு வலது மணிக்கட்டுல வலி ஆரம்பிச்சுது. மொதல்ல சப்பாத்தி மாவு பெசையறப்ப மட்டும் தெரிஞ்சுது, அப்புறம் வண்டில ஆக்ஸிலேட்டர் முறுக்கறப்ப, அப்புறம் ஒரு நாள் காலைல பொண்ணுக்கு தலை வாரி விடறப்ப சீப்பையே பிடிக்க முடியாம சுருக்குனு இழுத்துது, சரி இனி தைலத்துக்கு இது அடங்காதுன்னு டாக்டர்ட்ட போனேன். என்ன வேலைம்மா பாக்கறீங்கன்னு கேட்டார், கரூர்ல ஒரு பெட்ஷீட் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன் சார்னு சொன்னேன். மவுஸ் எப்படி பிடிப்பீங்க, இந்த டேபிள் மேல கைய வெச்சு காட்டுங்கன்னார். வெச்சேன். மணிக்கட்டு மேல் பக்கமா மடங்கியிருக்கு, விரலெல்லாம் தூக்கிட்டு நிக்குது, முழங்கை அந்தரத்துல தொங்குது. இதே மாதிரி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பதினோரு வருஷமா. அவர் பெருசா ஒண்ணும் சொல்லல. மூணு வாரம் கைக்கு பெல்ட் போடுங்க, மவுஸ குறைங்க, அப்புறம் வாங்கன்னார்.

மவுஸ குறைச்சா வேலை எப்படி நடக்கும்னு எனக்கு ஒரே கவலை, ஏன்னா எங்களுக்கு மாசம் பொறந்தா ஜிஎஸ்டி கணக்கு தாக்கல், 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதி 3பி, நடுவுல நூல் பில்லு, சாயப்பட்டறை பில்லு, தையல் ஜாப் ஒர்க் பில்லு, லாரி வாடகைன்னு கட்டு கட்டா வந்துட்டே இருக்கும், லீவும் போட முடியாது.

எங்க ஆபீஸ்ல சீனியர் அக்கவுண்டன்ட் அண்ணன் ஒருத்தர் இருக்கார், அறுபது வயசு ஆகப்போகுது. பேரேடு கையில எழுதின காலத்துலயே வேலைக்கு வந்தவர், அப்புறம் விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ்ல, டாலிங்கற கணக்கு எழுதற சாஃப்ட்வேர் பழகினவர். அவர் டேபிள்ல மவுஸ் இருக்கும், ஆனா அது காலண்டருக்குப் பின்னாடி ஓரமா கெடக்கும். இத்தனை வருஷம் நான் எதிர் டேபிள்ல உக்காந்து அத பாத்துட்டே தான் இருந்திருக்கேன், அவரு பழைய ஆளு, அதனால மவுஸ் பழக்கமில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். கை வலி வந்த அந்த வாரம் தான் ஸ்டூல இழுத்துப் போட்டு அவர் பக்கத்துல உக்காந்து என்னதான் பண்றார்னு பாத்தேன்.

ஒரு நூல் பில்லு எடுத்தார். இடது கைல பில்ல பிடிச்சுக்கிட்டு கட்டை விரல அந்த வரிக்கு நேரா வெச்சுக்கிட்டார். டாலில மெயின் ஸ்கிரீன்ல இருந்து வி, அப்புறம் எஃப் 9, பர்சேஸ் வவுச்சர், அதாவது வாங்கினத பதிவு பண்ற பக்கம், தொறந்துடுச்சு. எஃப் 2, தேதி. எண்டர். சப்ளையர் பில் நம்பர். எண்டர். பார்ட்டி பேர்ல மொத மூணு எழுத்து, லிஸ்ட்ல ஒரே பேரு தான் நிக்குது, எண்டர். 40ஸ் நூலு, எத்தனை கிலோ, என்ன ரேட்டு, எல்லாம் வலது பக்கம் நம்பர் பேட்லயே. கடைசில கண்ட்ரோல் ஏ. சேவ் ஆயிடுச்சு. பில்ல கவுத்து வெச்சுட்டு அடுத்தத எடுத்துட்டார். இது முழுக்க நடக்கறப்ப அவர் மானிட்டர பாத்தது ரெண்டே தடவ, பார்ட்டி பேரு சரியா வந்துச்சான்னு ஒரு தடவ, டோட்டல் பில்லோட ஒத்துப் போகுதான்னு ஒரு தடவ.

எப்பிடிங்கண்ணா பாக்காமயே போடறீங்கன்னு கேட்டேன். "கண்ணு பில்லுல இருக்கட்டும் கண்ணு, கை தானா போகும்"னார்.

இத நான் அப்புறம் நெறைய யோசிச்சேன். மவுஸ் நம்ம கைய மட்டும் எடுத்துக்கறதில்லைங்க, கண்ணையும் சேத்து எடுத்துக்குது. அந்த சின்ன அம்புக்குறி எங்க இருக்குன்னு தேடணும், அது போற வழியெல்லாம் கண்ணும் கூடவே போகணும், பட்டன் மேல நின்னுச்சான்னு பாத்து அப்புறம் அமுக்கணும். அந்த நேரத்துல பில்லுல எந்த வரில இருந்தோம்ங்கறது விட்டுப் போயிடுது, திரும்பி வந்து தேடறோம், மேல் வரி ரேட்ட கீழ் வரில போட்டுடறோம். எங்க வேலைல நடக்கற தப்பு பாதி இப்படித்தான் நடக்குது, கூட்டத் தெரியாம யாரும் தப்பு பண்றதில்ல. மவுஸ் இல்லாம கீபோர்ட்லயே வேலைய முடிக்கற ஷார்ட்கட் பத்தி பேசறவங்க எல்லாம் நேரம் மிச்சம் நேரம் மிச்சம்னு தான் சொல்றாங்க, நேரம் மிச்சமாகுது தான், ஆனா எனக்கு அதவிட பெருசா தெரிஞ்சது கண்ணு பாக்க வேண்டிய எடத்துலயே நிக்குதுங்கறது.

டாலி இப்படி இருக்கறதுக்கும் காரணம் இருக்கு. அது 1986ல பெங்களூருல ஆரம்பிச்ச கம்பெனி, டாஸ் காலத்துலயே புழக்கத்துக்கு வந்த சாஃப்ட்வேர், அன்னைக்கு இங்க கணக்கு எழுதற ஆபீஸ்கள்ல மவுஸே கிடையாது, அதனால எல்லாத்தையும் கீபோர்ட நம்பியே கட்டியிருக்காங்க. எஃப் 4 கான்ட்ரா, எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரெசிப்ட், எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்சேஸ், இது இன்னைக்கு டாலி பிரைம் வரைக்கும் மாறல. அண்ணன் அத பாட்டு மாதிரி சொல்வார். வவுச்சர் போட்டுட்டு இருக்கப்ப புது பார்ட்டி வந்தா வெளிய போக வேண்டாம், அங்கயே ஆல்ட் சி அடிச்சா லெட்ஜர் கிரியேட் பண்ணிட்டு திரும்ப அதே எடத்துக்கு வந்துடலாம். பிரைம்ல ஆல்ட் ஜி ரொம்ப நல்ல விஷயம், எந்த ரிப்போர்ட்ல இருந்தாலும் அத அடிச்சுட்டு டே புக்னு நாலு எழுத்து தட்டினா நேரா அங்க போயிடும். மெனு மெனுவா பின்னால வந்து திரும்ப உள்ள போற வேலையே இல்ல.

சரி, நான் எப்படி பழகினேன்னு சொல்றேன். நூறு ஷார்ட்கட், இருநூறு ஷார்ட்கட்னு ஒரு சார்ட் வாட்சப்ல சுத்திட்டே இருக்கும்ல, அத பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டினேன், பத்து நாள்ல ஒண்ணு கூட மனசுல நிக்கல, ஏன்னா அதுல முக்காவாசி எனக்கு தேவையே இல்லாதது. அப்புறம் தான் மவுஸ எடுத்து டிராயர்ல போட்டு மூடினேன். வயர் நீளமா இருந்துச்சு, அதனால பிளக் கூட பண்ணி தான் இருந்துச்சு, வேணும்னா எடுத்துக்கலாம், ஆனா டிராயர தொறக்கணும். தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பாக்கெட் டைரில எதுக்காக தொறக்கறேன்னு எழுதணும். இது மட்டும் தான் ரூல். மொத வாரம் டைரில இருந்தது இவ்ளோதான்: ரைட் கிளிக். எக்ஸெல்ல அடுத்த ஷீட். பிடிஎஃப் ஸ்க்ரோல். மெயில்ல அட்டாச்மெண்ட். ஏதோ ஒரு குட்டி பாக்ஸ் நடுவுல வந்து நிக்கறத மூடறது. மொத்தம் அஞ்சே விஷயத்துக்கு தான் திரும்பத் திரும்ப தொறந்திருக்கேன்.

அந்த அஞ்சுக்கு மட்டும் தேடிப் படிச்சேன். ரைட் கிளிக்குக்கு ஷிஃப்ட் எஃப் 10. அடுத்த ஷீட்டுக்கு கண்ட்ரோல் பேஜ் டவுன், முந்தின ஷீட்டுக்கு பேஜ் அப். பிடிஎஃப்க்கும் அதே பேஜ் டவுன் தான், வெறும்ன அமுக்கினா போதும். குட்டி பாக்ஸுக்கு எஸ்கேப், அது கேக்கலன்னா டேப் அடிச்சு அடிச்சு குளோஸ்ல நிறுத்தி எண்டர். ரெண்டாவது வாரம் டைரில வேற நாலு விஷயம் வந்துச்சு, அதுக்கு மட்டும் படிச்சேன். ஆறாவது வாரத்துல ஒரு நாள் முழுக்க டைரில ஒண்ணுமே எழுதாம போச்சு. அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம், வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்ட்ட ஒரு மணி நேரம் இதையே பேசிட்டு இருந்தேன்.

இதுக்கு எனக்கு கை குடுத்தது பத்தாவது லீவுல போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நம்மூர்ல அந்த வயசு பசங்க பாதிப்பேர் போயிருப்போம், காலைல ஆறரை பேட்ச், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே, ஒரு பக்கம் முழுக்க அதையே அடிச்சுட்டு வரணும், கீய குனிஞ்சு பாத்தா மாஸ்டர் ஸ்கேல டேபிள்ல தட்டுவார். இங்கிலீஷ் லோயர் ஹையர் ரெண்டும் முடிச்சேன். அது எங்கயோ விரல்ல தங்கியிருக்கு. இப்ப உங்க கீபோர்ட கொஞ்சம் தடவிப் பாருங்க, எஃப்லயும் ஜேலயும் சின்னதா ஒரு கோடு மேடா இருக்கும், ரெண்டு ஆள்காட்டி விரலும் அங்க தான் உக்காரணும், நம்பர் பேட்ல அஞ்சு மேலயும் அப்படி ஒரு மேடு இருக்கும். கண்ணு பாக்காம கை வீட்ட கண்டுபிடிக்கறதுக்கு தான் அது. மவுஸுக்கு கை போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் அந்த ஜே எங்கன்னு திரும்ப தடவித் தேடணும், ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவன்னு நெனச்சுப் பாருங்க.

காப்பி பேஸ்ட் பத்தி படிக்கறப்ப ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன், அத சொல்லாம விட மனசில்ல. லாரி டெஸ்லர்னு ஒருத்தர், அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சி கூடத்துல வேலை பாத்தவர், நம்ம ஊர் கடையில ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வாங்கறோமே அதே ஜெராக்ஸ் தான். 1970கள்ல அவரும் டிம் மாட்ங்கறவரும் சேந்து ஜிப்ஸின்னு ஒரு எடிட்டர் பண்ணாங்க, அதுல தான் கட், காப்பி, பேஸ்ட்ங்கறது இப்ப நாம பண்ற மாதிரி ஒரு உருவத்துக்கு வந்துச்சு. அப்புறம் அவர் ஆப்பிளுக்குப் போயி, 1983ல வந்த லிசா கம்ப்யூட்டர்ல தான் எக்ஸ், சி, வின்னு வரிசையா அந்த கீங்கள குடுத்தாங்க. எக்ஸ்னா அடிச்சு விடற மாதிரி, சின்னா காப்பி, வின்னா நடுவுல ஒரு வார்த்த சேக்கறப்ப பேனாவுல ஒரு குறி போடுவோமே அத தலைகீழா போட்ட மாதிரி. பக்கத்துலயே இசட் அன்டூ. நாலும் கீழ் வரிசைல இடது கை ஓரத்துல ஒட்டி ஒட்டி இருக்கறதால ஒரே கையில முடிஞ்சுடுது. அந்த மனுஷன் 2020ல இறந்துட்டார். நான் ஒரு நாளைக்கு நானூறு தடவயாவது அவர் பண்ணினத அமுக்கறேன், பேரு கூட தெரியாம பதினோரு வருஷம் அமுக்கியிருக்கேன்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு, கண்ட்ரோல் ஆல்ட் டெலீட். ஐபிஎம் பிசிய செஞ்ச டீம்ல டேவிட் பிராட்லின்னு ஒரு இன்ஜினியர், மெஷின ரீஸ்டார்ட் பண்றதுக்கு அத வெச்சார். தெரியாத்தனமா கை பட்டு வேலையெல்லாம் போயிடக்கூடாதுன்னு, ஒரே கையில அமுக்க முடியாதபடி தூரமா இருக்கற கீய சேத்தார். ஒண்ணு பக்கத்துல இருக்கணும்னு யோசிச்சு வெச்சது, ஒண்ணு எட்டாம இருக்கணும்னு யோசிச்சு வெச்சது. யாரோ உக்காந்து நம்ம விரலப் பத்தி இவ்ளோ யோசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு மாதிரி நெகிழ்ச்சியா இருந்துச்சு.

எக்ஸெல்ல மட்டும் நான் தினம் உபயோகிக்கறத சொல்றேன், ஏன்னா அங்க தான் மவுஸ் உருட்டி உருட்டி கை போனது. கண்ட்ரோலோட ஆரோ கீய அமுக்கினா டேட்டா முடியற எடத்துக்கு ஒரே தாவு. ஷிஃப்டயும் சேத்து அமுக்கினா அது வரைக்கும் செலக்ட் ஆயிடும், மூவாயிரம் வரி இருந்தாலும் ஒரு தட்டு தான், முன்னாடியெல்லாம் மவுஸ அமுக்கிப் பிடிச்சு கீழ வரைக்கும் இழுத்து, தாண்டிப் போயி, திரும்ப மேல வந்துன்னு ஒரு போராட்டமே நடக்கும். காலியா இருக்கற ஒரு காலம்ல (column) கண்ட்ரோல் டவுன் அடிச்சா 10,48,576வது வரில போயி நிக்கும், பயப்பட வேண்டாம், அதான் ஷீட்டோட கடைசி, கண்ட்ரோல் அப் அடிச்சா திரும்ப வந்துடும். ஆல்ட் ஈக்வல் ஆட்டோ சம். கண்ட்ரோல் செமிகோலன் இன்னைக்கு தேதி. கண்ட்ரோல் டி (D) மேல இருக்கறத கீழ நிரப்பும். கண்ட்ரோல் ஷிஃப்ட் எல் ஃபில்டர். ஃபார்முலா எழுதறப்ப எஃப் 4 அடிச்சா டாலர் குறி தானா விழும். இதுல ஒவ்வொண்ணும் பழக எனக்கு ரெண்டு மூணு நாள் ஆச்சு, அவசரப்படல.

ஒரு நாள் ஒரு பிரச்னை வந்துச்சு. 20ம் தேதி சாயந்தரம், 3பிக்கு எக்ஸெல்ல இன்புட் டாக்ஸ் ஒத்துப் பாத்துட்டு இருக்கேன், திடீர்னு ஆரோ கீ அமுக்கினா செல் நகரல, ஷீட்டே மொத்தமா மேல கீழ போகுது. ஃபைல் கெட்டுப் போச்சோன்னு பயந்து மூடித் தொறந்தேன், அப்பவும் அதே தான். அண்ணன் வந்து பாத்துட்டு கீழ ஸ்டேட்டஸ் பார்ல ஸ்க்ரோல் லாக்னு எழுதியிருக்கறத காட்டினார். பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கறப்ப பக்கத்து கீ மேல விரல் பட்டிருக்கு. இது யாருக்கு வேணா நடக்கும், லேப்டாப்ல அந்த கீயே இருக்காது, அப்ப விண்டோஸ் கண்ட்ரோல் ஓ அடிச்சா ஸ்கிரீன்லயே ஒரு கீபோர்ட் வரும், அதுல ஸ்க்ரோல் லாக்க ஆஃப் பண்ணிக்கலாம். லேப்டாப்னு சொன்னதும் இன்னொண்ணு, எஃப் 5 அமுக்கினா பேமென்ட் வராம வெளிச்சம் கூடுது சத்தம் குறையுதுன்னு ஆச்சுன்னா எஃப்என் கீயோட சேத்து அமுக்கணும், பல மாடல்ல எஃப்என் எஸ்கேப் அடிச்சா அது நிரந்தரமா மாறிடும்.

விண்டோஸ்ல ஆல்ட் டேப் எல்லாருக்கும் தெரியும். விண்டோஸ் டி (D) டெஸ்க்டாப், விண்டோஸ் இ ஃபோல்டர், விண்டோஸ் எல் லாக், டீ குடிக்க எந்திரிச்சா கட்டாயம் இத அடிச்சுட்டு போங்க. பிரவுசர்ல தெரியாம மூடின டேப கண்ட்ரோல் ஷிஃப்ட் டி (T) திரும்ப கொண்டு வரும். எனக்கு ரொம்ப ஒதவினது விண்டோஸ் வி. காப்பி பண்ணினது கடைசி ஒண்ணு மட்டும் இல்லாம இருபத்தஞ்சு வரைக்கும் வரிசையா வெச்சிருக்கும், மொத தடவ அமுக்கினா ஆன் பண்ணவான்னு கேக்கும், ஆன் பண்ணிக்கோங்க. ஒரு பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பர், இன்வாய்ஸ் நம்பர், தொகை மூணையும் வரிசையா காப்பி பண்ணிட்டு வந்து அடுத்த எடத்துல ஒவ்வொண்ணா எறக்கலாம். ஆனா பாஸ்வேர்ட் காப்பி பண்ணினா அதுவும் அங்க உக்காந்திருக்கும், நாலு பேர் உக்கார்ற சிஸ்டம்னா ஞாபகமா அழிச்சுடுங்க.

தமிழ் அடிக்கறதுக்கும் இதே கதை தான். நான் முன்னாடி இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழா மாத்திட்டு இருந்தேன், லிஸ்ட்ல வர்ற வார்த்தைய மவுஸால கிளிக் பண்ணிட்டு. மவுஸ் டிராயருக்குப் போனதும் தமிழ்99 பழகினேன். 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட கீபோர்ட் அது, இப்ப விண்டோஸ்லயே இருக்கு, விண்டோஸ் ஸ்பேஸ் அடிச்சா இங்கிலீஷும் தமிழும் மாறும். உயிரெழுத்து எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. அம்மான்னு அடிக்கணும்னா ஏ கீல அ, கே கீல ம, திரும்ப கே, க்யூ கீல ஆ. ஒரே எழுத்து ரெண்டு தடவ வந்தா மொத எழுத்துக்கு புள்ளிய அதுவே வெச்சுக்கும். நாலே தட்டு, அம்மா. மொத வாரம் கஷ்டமா தான் இருந்துச்சு, இப்ப இந்த போஸ்ட் முழுக்க அதுல தான் அடிக்கறேன்.

இவ்ளோ நாளும் இது என் கை வலி பத்தின விஷயமா மட்டும் தான் இருந்துச்சு. பொங்கலுக்கு குளித்தலைல பெரியம்மா வீட்டுக்குப் போனப்ப தான் வேற மாதிரி ஆச்சு. பெரியம்மா பையனுக்கு பிறவிலயே பார்வை கிடையாது, திருச்சில ஒரு பேங்க்ல வேலைல இருக்கான். நான் இப்ப மவுஸே தொடறதில்ல தெரியுமாடான்னு அவன்ட்ட சொன்னேன். அவன் உடனே, "அப்ப ஒரு பக்கத்துல ஹெட்டிங் ஹெட்டிங்கா எப்பிடிக்கா போவ?"ன்னான். அப்படி போக முடியும்னே எனக்கு தெரியாது.

லேப்டாப்ப எடுத்துட்டு வந்து திண்ணைல உக்காந்தான். ஸ்கிரீன் கருப்பா இருக்கு, பக்கத்துல இருக்கறவங்க படிக்கக்கூடாதுன்னு அவனே அப்படி வெச்சிருக்கான். என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், அதாவது ஸ்கிரீன்ல இருக்கறத வாய்விட்டு படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர், ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கற பார்வையில்லாத ஒருத்தர் 2006ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, யார் வேணா இறக்கிக்கலாம். அவன் ஒரு நியூஸ் பக்கத்த தொறந்து ஹெச் தட்டினான், அடுத்த தலைப்ப படிச்சுது, ஹெச், அடுத்தது, ஹெச், அடுத்தது. கே தட்டினா லிங்க். டி (T) தட்டினா டேபிள். பி (B) பட்டன். கண்ட்ரோல் ஒரு தட்டு, பேச்சு நின்னுடுது. அது பேசற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தயும் புரியல, அவனுக்கு எல்லாம் புரியுது, நடுநடுவுல எனக்கு பதிலும் சொல்லிட்டு இருக்கான். இன்சர்ட் எஃப் 7 அடிச்சான், அந்த பக்கத்துல இருக்கற எல்லா லிங்க்கும் ஒரு லிஸ்டா வந்துச்சு. நான் கண்ணால மேல இருந்து கீழ வரைக்கும் மேய்ஞ்சு தேடற எடத்துக்கு அவன் மூணு தட்டுல போயிட்டான்.

எனக்கு பில்லுல கண்ணு இருக்கணும்ங்கறதுக்காக மவுஸ் வேண்டாம். அவனுக்கு மவுஸால ஒரு பிரயோஜனமும் இல்ல, அம்பு எங்க நிக்குதுன்னே தெரியாதே. நாம குறுக்குவழின்னு சொல்றது அவனுக்கு வீட்டு வாசல்.

அப்புறம் ஒரு ஆன்லைன் ஃபார்ம் காட்டினான், எந்த சைட்னு இங்க சொல்லல. பேரு, அட்ரஸ் எல்லாம் டேப் அடிச்சு அடிச்சு அவனே நிரப்பிட்டான். பிறந்த தேதி வந்துச்சு. அங்க ஒரு காலண்டர் படம், மவுஸால கிளிக் பண்ணா தான் தேதி விழும், டைப் அடிச்சா ஏத்துக்கல, டேப் அந்த எடத்துல நிக்காம தாண்டிப் போயிடுது. மூணு தடவ முயற்சி பண்ணான். அப்புறம் லேப்டாப்ப என் பக்கம் திருப்பினான், ஸ்கிரீன ஆன் பண்ணினான், நான் டச்பேட தொட்டு ஒரே ஒரு கிளிக் பண்ணினேன். "இந்த ஒரு கிளிக்குக்காக ஊர்ல இருக்கறப்ப யாருக்காவது பாஸ்வேர்ட குடுக்க வேண்டியிருக்குக்கா"ன்னான். கோவமா கூட சொல்லல. பேங்க்ல வேலை பாக்கற பையன், உங்க பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லாதீங்கன்னு கஸ்டமருக்கு எடுத்துச் சொல்ற பையன். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

வெப்சைட் பண்றவங்க யாராவது இத படிச்சீங்கன்னா உங்கள கையெடுத்துக் கும்பிட்டு கேக்கறேன், பண்ணி முடிச்சதும் மவுஸ கழட்டி வெச்சுட்டு டேப், ஷிஃப்ட் டேப், எண்டர், ஸ்பேஸ், ஆரோ கீ மட்டும் வெச்சு உங்க ஃபார்ம மொத்தமா ஒரு தடவ நிரப்பிப் பாருங்க. 2008லயே வந்த வெப் அணுகல் விதிகள்ல 2.1.1ன்னு ஒரு விதி இருக்கு, எல்லாமே கீபோர்டால பண்ண முடியணும்னு தான் அது சொல்லுது. பத்து நிமிஷ வேலை தான் இந்த சோதனை.

ஊருக்கு சொல்றதுக்கு முன்னாடி எங்க கம்பெனி சைட்டயே பாப்போம்னு திங்கட்கிழமை போனதும் முதல் வேலையா பாத்தேன். வெளிநாட்டு பையர் என்கொயரி அனுப்பற ஃபார்ம். நேம், ஈமெயில், டேப் அடிக்கறேன், கன்ட்ரி தேர்ந்தெடுக்கற எடத்த விட்டுட்டு தாவுது, சப்மிட்லயும் நிக்கவே இல்ல. எங்களுக்கு சைட் பண்ணித் தந்த தம்பிய கூப்பிட்டு காட்டினேன். பட்டன் மாதிரி தெரியற ஒரு பெட்டிய தான் வரைஞ்சு வெச்சிருந்தாராம், நெஜ பட்டன் இல்லையாம். அரை மணி நேரத்துல மாத்திட்டார், கன்ட்ரியையும் சாதாரண லிஸ்டா ஆக்கிட்டார். நல்ல பையன், எனக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லித் தரலக்கான்னார், எனக்கும் யாரும் சொல்லலப்பான்னேன்.

எல்லாத்துக்கும் கீபோர்ட் தான்னு நான் சொல்லல. டிசைன் செக்ஷன்ல பூ பேட்டர்ன் வரையறவங்களுக்கு மவுஸும் பேனாவும் வேணும், படத்துல ஒரு பகுதிய வெட்டறதுக்கு எனக்கும் வேணும், அதுக்கு டிராயர தொறக்கறேன். மவுஸ் செத்துப் போயி ஆபத்துக்கு வேணும்னா இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூணையும் சேத்து அமுக்குங்க, நம்பர் பேட் அம்ப நகர்த்தும். ஷிஃப்ட அஞ்சு தடவ அமுக்கினா ஸ்டிக்கி கீஸ்னு ஒண்ணு கேக்குமே, எல்லாரும் எரிச்சலா நோ குடுத்துடுவோம், பெல்ட் கட்டியிருந்த மூணு வாரம் எனக்கு அது தான் ஒதவுச்சு, கண்ட்ரோல மொதல்ல தட்டி விட்டுட்டு அப்புறமா சி தட்டலாம், சேத்துப் பிடிக்க வேண்டியதில்ல.

கை வலி இப்ப இல்ல. மாவு பெசையறேன், தலை வாரி விடறேன்.

எங்க சைட்ட திருச்சில இருக்கற பெரியம்மா பையன தொறந்து பாக்கச் சொன்னேன், போன வாரம் போன் பண்ணான். கன்ட்ரிக்கும் போகுதுக்கா, சப்மிட்டும் நிக்குது, ஆனா உங்க பெட்ஷீட் போட்டோ எதுக்கும் பேர் இல்ல, லிங்க் கிராஃபிக் ஐஎம்ஜி 4471, லிங்க் கிராஃபிக் ஐஎம்ஜி 4472ன்னு தான் படிக்குது, என்ன விக்கறீங்கன்னே எனக்கு தெரியலன்னான். மொத்தம் 42 போட்டோ. ஒவ்வொண்ணுக்கும் நான் தான் எழுதறேன், டெய்லி ஆபீஸ் முடிஞ்சு அரை மணி நேரம். துணிய டேபிள்ல விரிச்சு வெச்சு, கைய வெச்சு தடவிப் பாத்து எழுதறேன், நிறம் மட்டும் சொன்னா அவனுக்கு பத்தாதுன்னு தோணுச்சு. கட்டம் எவ்ளோ பெருசு, ஓரத்துல என்ன தையல், நெசவு வழவழன்னு இருக்கா தட்டி மாதிரி தடிப்பா இருக்கா. இன்னைக்கோட 19 முடிஞ்சுது.